கொடை வரியும் என் சம்பாத்தியமும்

எங்கள் தெரு அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு, சம்பாத்தியம் உள்ள ஆண்கள் தலைக்கட்டு வரி கொடுக்க வேண்டும். கொடுத்தவர்கள் பெயரைக் கொடையன்று மைக்கில் வாசிப்பார்கள். நான் ஓய்வு பெற்ற வருடம், வசூலுக்கு வந்த கமிட்டிச் செயலாளர் என் வீட்டைத் தாண்டிப் போனார். கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஒங்களுக்குச் சலுகை அண்ணாச்சி. சம்பாத்தியம் நின்னு போச்சுல்லா?"

பணம் மிச்சம்தான். ஆனால் பெயர் வாசிக்காவிட்டால் ஆள் போய்விட்டார் என்று எடுத்துக்கொள்வது எங்கள் ஊர் வழக்கம். ஒருமுறை மைக்கில் வாசித்தவர் இரண்டு பக்கங்களைச் சேர்த்துப் புரட்டிவிட்டார். உயிரோடிருந்த ஒருவர் வீட்டுக்கு உடன்குடிச் சம்பந்தி வீட்டார் மாலையோடு வந்து இறங்கினார்கள். கதவைத் திறந்து மாலையை வாங்கிக்கொண்டவர் அவரேதான்.

அரசாங்கக் கோப்பு எழுதியே நரைத்தவன் நான், விடுவேனா? ஓய்வூதியத்தை வருமானவரிச் சட்டமே சம்பளம் என்ற தலைப்பில்தான் சேர்க்கிறது என்று எடுத்துச் சொன்னேன்.

"அது தானா பேங்குக்கு வருது அண்ணாச்சி. சம்பாத்தியம்னா காலைல வீட்டை விட்டுப் போணும், பொழுதடைய அலுத்து வரணும்."

"எதிர்வீட்டுக்காரன் ஷேர் மார்க்கெட்ல இருக்கதையெல்லாம் விட்டுட்டு நிக்கான். அவன்கிட்ட மட்டும் வாங்கினீரே வே?"

"அவரு தினம் ஆபீசுக்குப் போயில்லா விடுதாரு!"

மறுநாளிலிருந்து நானும் போனேன். தூக்குச்சட்டியில் புளியோதரையோடு மணிமுத்தாறு பஸ் ஏறுவேன். அணையைப் பார்ப்பேன். சாயங்காலம் திரும்புவேன். யாரும் கேட்காவிட்டாலும் நீர்மட்டத்தைக் குறித்துவைத்தேன். வேலை என்று போனபின் சும்மா உட்காரலாமா?

ஒரு நாள் மனைவி, "நாளைக்கு கல்யாண வீட்டுக்குப் போணும். லீவு கேளுங்களேன்" என்றாள்.

யாரிடம் கேட்பது? நானே யோசித்தேன். புதிதாகச் சேர்ந்தவருக்கு உடனே விடுப்பு கொடுப்பது நல்ல முன்னுதாரணம் அல்ல. மறுத்துவிட்டேன். அவள் தனியாகப் போய்வந்தாள்.

கொடைக்கு முந்தின வாரம், வேர்க்க விறுவிறுக்க பஸ்ஸை விட்டு இறங்கிய என்னைக் கண்டதும் செயலாளர் ரசீதுப் புத்தகத்தை விரித்தார்.

"நல்ல அலைச்சல் போலுக்கே அண்ணாச்சி. என்ன தருதாங்க?"

"எங்கன தருதாங்க? பஸ் காசே கைல இருந்துல்லா போகுது."

"புதுசுல எல்லாத்துக்கும் அப்படித்தான்" என்று என் பெயரை எழுதி ரசீதைக் கிழித்தார். "சம்பளம் பையப் பைய ஏறும்."