தைல வாடை

அந்தக் குடியிருப்பில் அவளுக்குப் பொடியக்கா என்றுதான் பெயர். கம்பளத்தின் நாற்றம் போக்கக் கடையில் விற்கும் மருந்தைக் கண்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். காய்ந்த எலுமிச்சைத் தோலை அரைத்துச் சமையல் சோடாவோடு கலந்து, சனிக்கிழமைதோறும் கூடத்துக் கம்பளத்தில் தூவுவாள். அரை மணி கழித்து இயந்திரத்தால் உறிஞ்சி எடுப்பாள்.

ஜன்னலோர மூலைக்கு மட்டும் இரண்டு பிடி கூடுதல். அவள் புருஷன் முதுகுவலிக்காரர்; தைலத்தை அப்பிக்கொண்டு அங்கேதான் படுப்பார்.

"வீடா இது, தைலக்கடையா?" என்று சீறுவாள்.

"உன் பொடிக்கும் ஒரு வேலை வேணாமா?" என்று அவர் சிரிப்பார். முப்பது வருஷமாக இதே சண்டை.

அவர் இறந்து ஆறு நாளாகியிருந்தது. தினமும் அந்த மூலையில்தான் முகம் புதைத்துக் கிடந்தாள். வாடை அப்படியே இருந்தது.

ஏழாம் நாள் சனிக்கிழமை. பழக்கதோஷத்தில் கை டப்பாவை எடுத்தது. தூவி, உறிஞ்சி, வியர்வையைத் துடைத்தபோதுதான் தூக்கிவாரிப்போட்டது. ஓடிப்போய் மூலையில் குப்புற விழுந்து முகர்ந்தாள். எலுமிச்சை மணத்தது.

திறந்திருந்த கதவில் எதிர்வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள். "அக்கா, எங்க கம்பளத்துல பூனை நாத்தம் தாங்கல. உங்க பொடி கேக்குமா?"

முகத்தை நிமிர்த்தாமலே, அருகில் கிடந்த டப்பாவை அவள் பக்கம் தள்ளினாள் பொடியக்கா.

"எல்லாத்தையும் எடுத்துடும்மா. துளிகூட மிச்சம் வைக்காது."