ஏழு ஆணி ஓட்டைகள்

பெலென் கொதிக்கிற எண்ணெய்க்குப் பயப்படமாட்டாள். மாலபோன் ஊரில் பள்ளிக்கூட வாசலில் தள்ளுவண்டி போட்டு, சர்க்கரையில் பொரித்த வாழைப்பழத்தைக் குச்சியில் குத்தி விற்பவளுக்கு எண்ணெய் என்ன செய்துவிடும்? ஆனால் யாரிடமாவது வரவேண்டிய காசைக் கேட்பதென்றால் மட்டும் வாயில் கொழுக்கட்டை அடைத்த மாதிரி ஆகிவிடுவாள். கேட்க வேண்டிய இடத்தில் சிரித்து வைப்பாள். அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் அவள் கடனில்தான் கொழுகொழுவென்று இருந்தார்கள்.

இப்படிப்பட்டவள் போய்க் குடியிருந்தது ஆலிங் சலுத் வீட்டில். ஆலிங் என்றால் அந்த ஊரில் ‘அம்மா’ மாதிரி ஒரு மரியாதைச் சொல். ஆலிங் சலுத்தைப் போல ஒரு தங்கமான வீட்டுக்காரியைப் பார்க்க முடியாது. குடித்தனக்காரர் வீட்டில் குழந்தை பிறந்தால் ஞானஸ்நானத்துக்குக் கூப்பிடாமலே வந்து ஞானத்தாயாக நின்றுவிடுவாள். அப்புறம் பெற்றவளும் ஞானத்தாயும் ஒருவரையொருவர் ‘மாரே’ என்றுதான் கூப்பிட வேண்டும். ஆணாக இருந்தால் ‘பாரே’. கூடப்பிறந்த உறவுக்கும் ஒரு படி மேல். பெலெனின் பையனுக்கும் அவள்தான் ஞானத்தாய். வீட்டைக் காலி செய்யும்போது மாரேயிடம் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்க யாருக்கு முகம் வரும்? ஆலிங் சலுத்துக்கு வருஷா வருஷம் ஞானப்பிள்ளைகள் பெருகினார்கள். அட்வான்ஸ் மட்டும் ஒருத்தருக்கும் திரும்பியதில்லை.

பெலெனுக்கோ இந்த முறை சிரித்து வைத்தால் ஆகாது. பக்கத்து ஊரான வலென்சுவேலாவில் தெருவைப் பார்த்த மாதிரி ஓர் அறை கிடைத்திருந்தது. வெயிலிலும் மழையிலும் வண்டி தள்ளியது போதும், கூரைக்குக் கீழே நாலு பெஞ்சு போட்டுச் சோறும் குழம்பும் விற்கலாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் அட்வான்ஸ் கட்டவில்லை என்றால் தண்ணீர் கேன் வியாபாரிக்கு விட்டுவிடுவோம் என்று அந்த அறைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அவளிடம் இருந்த ஒரே முதல், ஆலிங் சலுத்திடம் கிடந்த இரண்டு மாத வாடகை.

“ஊரே கடைசி ரெண்டு மாச வாடகைய அட்வான்ஸுல கழிச்சுட்டுப் போவுது. நீ ஒருத்திதான் கடைசி நாள் வரைக்கும் எண்ணிக் குடுத்த!” என்று புருஷன் டீபோ தலையில் அடித்துக்கொண்டான்.

வியாழக்கிழமை சாமான்களை ஏற்றி அனுப்பிவிட்டு, பெலென் சாவியோடு போய் நின்றாள். ஆலிங் சலுத் கட்டிப்பிடித்து அழுதாள். ஒரு தட்டு நிறைய நூடுல்ஸ் கொடுத்தாள். பெலென் சாப்பிட்டு முடித்து, சிரித்து, கடைசியில் கேட்டேவிட்டாள்.

“மாரே... அந்த அட்வான்ஸு...”

“நானே சொல்லணும்னு இருந்தேன் மாரே. சுவத்துல ஏழு ஆணி ஓட்டை! பூசி, பெயிண்ட் அடிச்சா நீதான் எனக்கு மேல குடுக்கணும். நமக்குள்ள என்ன கணக்கு, விடு.”

பெலெனுக்கு அழுகை வந்துவிட்டது. அந்த அழுகையோடு நேராக வட்டார அலுவலகத்துக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தாள். எப்படிக் கொடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது.

சனிக்கிழமை காலை விசாரணை. வட்டாரத் தலைவரை எல்லோரும் கேப்டன் என்பார்கள். “ஆலிங் சலுத், அட்வான்ஸு உங்க சொத்து இல்ல. பேங்க்ல கெடக்கணும், வட்டியோட அவங்களுக்குப் போவணும். உடைச்சது, பாக்கி வச்சதுக்குத்தான் பிடிக்கலாம்” என்று அவர் சொல்லிப் பார்த்தார். ஆலிங் சலுத் ஆணி ஓட்டையிலிருந்து இறங்குவதாக இல்லை. அப்படியானால் சமரசக் குழுவில் மூன்று பேரை இரு தரப்பும் சேர்ந்து தேர்ந்தெடுங்கள் என்றார் கேப்டன்.

ஆலிங் சலுத் முகம் மலர்ந்தது. “முடி வெட்டுற டோரோ, என் பாரே. மீன் விக்கிற பாசிங், என் மாரே. டிரைசைக்கிள் சவாரி ஓட்டுற அம்போ, என் பாரே. மூணு பேரும் நியாயஸ்தர்கள்!”

“சம்மதமா, பெலென்?”

பெலெனுக்கு மாட்டேன் என்று சொல்ல வராது. சிரித்தாள். டீபோ வெளியே போய் ஒரு சிகரெட் பற்ற வைத்தான்.

மூன்று பேரும் ஓட்டைகளை நேரில் பார்க்கவேண்டும் என்றார்கள். காலி அறைக்குள் எல்லோரும் நுழைந்தார்கள். டோரோ சுவர் அருகே போய், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

“இது என் ஓட்டை ஆச்சே!”

“என்ன பாரே?” என்றாள் ஆலிங் சலுத்.

“என் முகக்கண்ணாடி மாட்டுன இடம். பக்கத்துலயும் ஒண்ணு, அதுவும் என்னோடது. இதுக்குத்தானே என் அட்வான்ஸ் மொத்தத்தையும் பிடிச்சீங்க?”

ஆலிங் சலுத்துக்கு அப்போதுதான் உறைத்தது. பாரே, மாரே என்று கணக்குப் பார்த்தவள், அவர்கள் எல்லோரும் இதே அறையில் குடியிருந்துதான் அந்த உறவானார்கள் என்பதை மறந்துவிட்டாள்.

அதற்குள் பாசிங் எதிர்ச் சுவரில் மூன்றைக் கண்டுபிடித்துவிட்டாள். “கல்யாணப் போட்டோ, காலண்டர், இது என் மாமியார் படம். அம்மாடி, எட்டு வருஷமா பூசவே இல்லையா? பெயிண்ட் அடிக்கணும்னு எங்கிட்ட வாங்குனியே மாரே!”

“ஜன்னல் பக்கம் இருக்கறது என்னுது,” என்றார் அம்போ. “எனக்கு முன்னாடி குடியிருந்து அட்வான்ஸை விட்டவன் பேரையும் சொல்லவா?”

“அந்தக் காசுலதானே உங்க பிள்ளைங்களுக்குக் கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ் பரிசு வாங்கிக் குடுத்தேன்!” என்று கத்தினாள் ஆலிங் சலுத்.

“எங்க காசுல எங்க பிள்ளைக்கே பரிசா?” என்றாள் பாசிங். “நான் வேற உனக்கு வருஷா வருஷம் மீன் குடுத்தேனே!”

ஆறு ஓட்டைகளுக்கும் சொந்தக்காரர் வந்தாயிற்று. ஏழாவது ஓட்டை கதவுக்கு மேலே இருந்தது. எல்லோரும் பெலெனைப் பார்த்தார்கள். பெலென் சிரிக்கவில்லை.

“அது குழந்தை இயேசு படம் மாட்டுனது. என் பையன் ஞானஸ்நானத்தன்னிக்கு மாரேதான் கொண்டுவந்தாங்க. நாற்காலி மேல ஏறி, அவங்களே ஆணி அடிச்சாங்க. நான் நாற்காலியைப் பிடிச்சிட்டு நின்னேன்.”

அதற்கு மேல் விசாரிக்க ஒன்றும் இல்லை. கேப்டன் எழுதினார், ஆலிங் சலுத் கையெழுத்துப் போட்டாள். உள்ளே போனவள் புத்தம்புதிய உறை ஒன்றைக் கொண்டுவந்து, பெலெனின் முகத்தைப் பார்க்காமல் நீட்டினாள். பெலென் அங்கேயே நின்று எண்ணினாள். சரியாக இருந்தது. நாலு பெஞ்சும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன.

வெளியே முற்றத்தில் மெத்தையும் இரண்டு பையுமாக ஒரு சின்னப் பெண் காத்திருந்தாள். அடுத்த குடித்தனக்காரி. பேர் மாய்லின். நிறைமாதம். உறையில் இருந்தது யாருடைய அட்வான்ஸ் என்று பெலெனுக்குக் கேட்காமலே புரிந்தது. கையில் இருந்த பணம் சுட்டது. ஆனாலும் அதை விடவில்லை.

ஆலிங் சலுத் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாய்லினின் வயிற்றைப் பார்த்ததும் பழைய சிரிப்பு திரும்பிவிட்டது.

“அடி கண்ணு! எப்ப தேதி? ஞானத்தாய் யாருன்னு முடிவு பண்ணிட்டியா?”

“இன்னும் இல்ல ஆலிங் சலுத்...”

“பண்ணியாச்சு!” என்று ஒரு குரல் தெரு முனை வரைக்கும் கேட்டது. டீபோ திரும்பிப் பார்த்தான். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் பெலெனிடம் அப்படி ஒரு குரல் இருப்பது அவனுக்குத் தெரியாது. “நான்தான் ஞானத்தாய். வா மாரே, மெத்தையை அப்புறம் தூக்கலாம். முதல்ல உள்ள போய் அந்த ஏழு ஓட்டையையும் போன்ல படம் பிடி.”