மடித்த நாற்காலியின் எடை

ஆர்லிஸ் தன் கணவரின் பழைய காலுறைகளை இரண்டாக வெட்டி, கண்ணாடிப் புட்டிகளுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். வினிகருக்கு ஒன்று, ஜாமுக்கு ஒன்று, இருமல் மருந்துக்குக் கணுக்கால் துண்டு மட்டும். மாட்டிய புட்டிகளை அலமாரியில் நெருக்கி அடுக்கி, அவை சாயாதபடி குறுக்கே ஒரு ஸ்பிரிங் கம்பியை இறுக்கினாள். வண்டிவீடு ஓடும்போது ஒன்றோடொன்று மோதக் கூடாது. பதினாறு வருடத்தில் அவளிடம் உடைந்தது ஒரே ஒரு கோப்பை. அதுவும் வண்டி நின்றிருந்தபோது நான் உடைத்தது.

அது மார்ச் மாதத்து வெள்ளிக்கிழமை. அரிசோனாப் பாலைவனத்தில் எங்கள் முகாம் கலையத் தொடங்கியிருந்தது. வெயில் ஏறியதும், பனிக்காலத்தைக் கழிக்க இங்கே வந்த குளிர்நாட்டுக்காரர்கள் எல்லாரும் வடக்கே கிளம்பிவிடுவோம். ஆர்லிஸும் கிளம்பத்தான் போகிறாள். ஆனால் கணவர் ட்வைட்டோடு போவாளா, தனியாகப் போவாளா என்பது அன்று சாயங்காலத்துக்குள் ஒரு தாளில் எழுதப்படவிருந்தது. நல்லபடியாக முடிந்தது என்பதால்தான் இதை எழுதுகிறேன். வேறு மாதிரி முடிந்தவற்றை நான் நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட முப்பத்தொரு வருடத்தில் வேண்டிய மட்டும் எழுதியாகிவிட்டது, வார்டு குறிப்பேட்டில்.

ஆர்லிஸ் லிண்ட்க்விஸ்ட் மினசோட்டாவின் வடகோடியில் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையை இருபத்தேழு வருடம் நடத்தியவள். எண்பது பேருக்கென்று கட்டிய சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்குச் சமைத்தாள். கதவின் முதுகும் இடம்தான், மேசையின் வயிறும் இடம்தான் என்று அங்கே கற்றுக்கொண்டாள். ட்வைட் அதே ஊரின் தபால்காரர். அவர் ஓய்வு பெற்றதும் வீட்டை விற்றுவிட்டு, முப்பத்திரண்டு அடி நீளமுள்ள வண்டிவீட்டை வாங்கி அதிலேயே குடியேறினார்கள்.

அந்த வண்டிக்குள் என்ன இருந்தது என்பதைவிட, எது எதற்குள் இருந்தது என்று சொல்வதுதான் சரி. பாத்திரங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு. அவற்றின் கைப்பிடிகள் கழன்று தனியே ஒரு பைக்குள். வடிகட்டியும் வாளியும் தட்டினால் தோசை மாதிரி தட்டையாகிவிடும். குளிர்காலப் போர்வைகளைக் காற்று உறிஞ்சிய பைகளில் அப்பளமாக்கியிருந்தாள். குளியலறைக் கதவில் தொங்கிய செருப்புப் பையில் செருப்பு தவிர எல்லாம் இருந்தது. புதிதாக முகாமுக்கு வந்தவர்கள் அவள் வண்டியைப் பார்க்க வருவார்கள். எங்கே வாங்கியது என்று கேட்டால், "வாங்கல. பள்ளிக்கூடத்துல தூக்கிப் போட இருந்தாங்க, நான் குறுக்க நின்னுட்டேன்" என்பாள்.

ஜனவரியில் ட்வைட்டுக்குப் பக்கவாதம் வந்தது. வண்டி வாசலில் பாய் விரித்துக்கொண்டிருந்தார். நான் அடுத்த மனையில் இருந்தேன். அவர் வாய் ஒரு பக்கம் இறங்கியதைப் பார்த்ததும் போனை எடுத்தேன். ஐந்து வாரம் ஆஸ்பத்திரி, பயிற்சி எல்லாம் முடிந்து திரும்பினார். வலது கை போய்விட்டது, வலது கால் பாதி, பேச்சு முழுவதும். புத்திக்கு ஒன்றும் ஆகவில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். பேச்சு போனவரைப் புத்தி போனவராகவே எல்லாரும் நடத்துவார்கள். அன்று நானும் அப்படித்தான் நடத்தினேன். அது பிறகு.

முதலில் அளவுநாடாவை எடுத்தோம். நடைபாதை இருபத்து நான்கு அங்குலம், குளியலறை வாசல் பத்தொன்பது. சக்கர நாற்காலி உள்ளே திரும்பாது. அதனால் உள்ளே தரையிலிருந்து கூரை வரை பிடித்து எழ ஒரு கம்பம் நட்டோம். கட்டிலோரம் ஒரு கைப்பிடி, கழிப்பறையில் மடக்குக் கைப்பிடி, குளிக்க மடக்கு இருக்கை. தூக்கினால் அவருக்கும் இடுப்பு போகும், அவளுக்கும் போகும். தூக்காமல் எழுப்புவது எப்படி என்று ஒரு வாரம் பயிற்சி கொடுத்தேன். அவள் மூன்றாம் நாளே கற்றுவிட்டாள். வெளியே போய்வர அவருக்கு மின்சார நாற்காலி வேண்டும். இடது கையால் அவரே ஓட்டிக்கொள்வார். அதை வண்டியின் பின்புறத்தில் ஒரு தூக்கியில் ஏற்றினோம். நாற்காலியும் தூக்கியும் சேர்ந்து முந்நூறு பவுண்டு. எல்லாவற்றுக்கும் இடம் கண்டுபிடித்தாள் ஆர்லிஸ். இடம் என்பது அவளுக்கு ஒரு பிரச்சினையே இல்லை.

மகள் மாரென் விமானத்தில் வந்தாள். தீயணைப்புக் கட்டுப்பாட்டு அறையில் போன் எடுப்பவள். நாள் முழுவதும் விபத்துகளையே கேட்கிற காது. போன வருடம் யூட்டா பக்கம் இந்த வண்டியின் பின் டயர் வெடித்து, தரைப் பலகையைக் கிழித்து, சரளையில் இழுத்துக்கொண்டு போய் நின்றதை அவள் மறக்கவில்லை. டயரில் குற்றமில்லை, அதற்குத் தாங்காத சுமை என்று அப்போதே கடைக்காரர் சொல்லியிருந்தார். புது டயர் போட்டார்கள், சுமையை யாரும் பார்க்கவில்லை.

மாரென் கத்தவில்லை, அழவும் இல்லை. அந்த வெள்ளிக்கிழமை காலையில் தாயை உட்கார வைத்துச் சொன்னாள்.

"அம்மா, இன்னைக்கு இங்க எடை போட ஒருத்தர் வர்றாராம். வண்டி எடை சரின்னு அவர் எழுதிக் குடுத்தா நான் வாயே தொறக்க மாட்டேன். இல்லன்னா அப்பா என்கூட வர்றாரு. முடியாதவங்களப் பாத்துக்குற இல்லத்துல ஒரு படுக்கை சொல்லி வெச்சிருக்கேன். நாளைக்கு மத்தியானம் வரைக்கும்தான் வெச்சிருப்பாங்க."

ஆர்லிஸ் கை நீட்டினாள். தாயும் மகளும் கை குலுக்கிக்கொண்டார்கள். எனக்கு மகள் மேல் கோபமில்லை. நான் அவள் இடத்தில் இருந்தால் இவ்வளவு அவகாசம்கூடக் கொடுத்திருக்க மாட்டேன்.

எடை போடுகிறவர் எல்ராய் தஃபோயா. நியூ மெக்சிகோக்காரர். ஒரு வேனில் எடைப் பலகைகளோடு முகாம் முகாமாகப் போவார். சக்கரத்துக்கு ஒன்றாகப் பலகை வைத்து, வண்டியை அவற்றின் மேல் ஏற்றச் சொல்லி, கணக்கிட்டுத் தாள் கொடுப்பார். வழியில் எப்படிப் போவார்களோ அப்படியே இருக்க வேண்டும், ஆட்கள் உட்பட, ஒன்றையும் இறக்கி வைத்து ஏமாற்றக் கூடாது என்பது அவர் விதி. தண்ணீர்த் தொட்டி நிறைந்திருக்கிறதா என்று கேட்டார். எப்போதும் நிறையத்தான் இருக்கும் என்றாள் ஆர்லிஸ். குறித்துக்கொண்டார்.

கதவோரத் தகட்டில் பின் அச்சு பதினைந்தாயிரம் பவுண்டு தாங்கும் என்று பொறித்திருந்தது. பலகை பதினைந்தாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது காட்டியது.

ஆர்லிஸுக்கு விளங்கவில்லை. "எல்லாமே மடக்குறதுதானே, எல்ராய்?"

"மடிச்ச நாற்காலிக்கும் நாற்காலி எடைதான், ஆர்லிஸ்" என்றேன் நான்.

எல்ராய் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். "கோவிச்சுக்காதீங்கம்மா. வாரத்துக்கு நாலு தடவ இதப் பாக்குறேன். ஒழுங்கா அடுக்குறவங்க வண்டிதான் கனக்கும். கண்டபடி போட்டு வெக்கிறவங்களுக்கு இடம் சீக்கிரம் தீந்துரும். அவங்க தப்பிச்சுருவாங்க."

மூன்று மணிக்கு இன்னொரு முறை பார்க்கிறேன், ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுவேன் என்றார். அப்போது காலை பத்தரை.

ட்வைட்டை உள்ளே சோபாவில் உட்கார வைத்துவிட்டு, நாங்கள் மூன்று பெண்களும் பின்பகுதியைக் காலி செய்தோம். கட்டிலைத் தூக்கினால் கீழே தகர டப்பா உணவு. காளான் சூப், பீச் பழம், அவரை. இருநூற்றுப் பதினான்கு டப்பா. இரண்டு பேருக்கு. பள்ளிக்கூடத்துச் சமையலறை அவளை விட்டுப் போகவே இல்லை. அதையடுத்த சாமான் அறையில் வார்ப்பிரும்புச் சட்டி நான்கு, ட்வைட்டின் ஆணி டப்பாக்கள், மடக்கு நாற்காலி ஆறு, மடக்கு மேசை மூன்று. மடக்கு மேசைகளை அடுக்கி வைப்பதற்கென்று ஒரு மடக்குத் தாங்கி. என்னிடம் குளியலறை எடைக்கருவி இருந்தது. ஒவ்வொரு பெட்டியையும் தூக்கிக்கொண்டு அதன் மேல் ஏறினேன். என் எடையைக் கழித்து மாரென் எழுதினாள்.

"உங்க எடையச் சரியாத்தான் சொன்னீங்களா, வெர்னா?" என்று கேட்டாள்.

"உங்கப்பாவுக்கு முன்னால கேக்காத. ரெண்டு பவுண்டு கூட்டிக்க" என்றேன்.

இறக்கியதையெல்லாம் முகாமின் பொதுமேசைக்குக் கொண்டுபோனோம். வேண்டாததை வைத்துவிட்டு வேண்டியதை எடுத்துப்போகிற மேசை. நாங்கள் திரும்பி வருவதற்குள் பீச் டப்பா பாதி போய்விட்டது. ஆர்லிஸ் எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. இரும்புச் சட்டியில் மட்டும் ஒன்றை வைத்துக்கொள்ளலாமா என்று என் முகத்தைப் பார்த்தாள். நான் அவள் கையைப் பார்த்தேன். அதையும் மேசையிலேயே விட்டுவிட்டாள்.

ஐந்நூற்று முப்பது பவுண்டு இறக்கினோம். மூன்று மணிக்கு வண்டி மறுபடி ஏறியது. பதினைந்தாயிரத்து நானூற்றுப் பத்து. இன்னும் நானூற்றுப் பத்து அதிகம்.

இறக்க வேறு எதுவும் இல்லை. மின்சார நாற்காலியை இறக்கினால் எடை சரியாகிவிடும், ஆனால் ட்வைட் உள்ளேயே அடைந்து கிடப்பார். அது இல்லத்தைவிட மோசம். நான் அதை வாய்விட்டே சொன்னேன். மாரென் கையில் போனை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். அவளுக்கு ஜெயித்த முகம் இல்லை. ஆர்லிஸ் நடைபாதையில் கம்பத்தைப் பிடித்தபடி நின்றாள், அதை நட்டது அவருக்கா தனக்கா என்று தெரியாத மாதிரி.

அப்போது ட்வைட் இடது கையால் சுவரைத் தட்டினார். முனகினார். மறுபடி தட்டினார். எனக்கு ஒரே அர்த்தம்தான் தெரியும். சிறுநீர்க் குடுவையை எடுத்துக்கொண்டு போனேன். அவர் அதைத் தள்ளிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். நாற்பது வருடம் தப்பு விலாசத்துக் கடிதங்களைப் பார்த்த பார்வை அது.

அவர் தலைக்குப் பக்கத்தில் சுவரில் தொட்டிகளின் அளவு காட்டும் சிறு பலகை இருந்தது. கையை எக்கி ஒரு பொத்தானை அழுத்தினார். நான்கு விளக்கும் எரிந்தன. தொட்டி நிறைய நல்ல தண்ணீர். ஆர்லிஸைப் பார்த்தார். உள்ளங்கையைக் குவித்து, மெதுவாகக் கவிழ்த்துக் காட்டினார்.

எண்பது கேலன் தொட்டி அது, கட்டிலுக்குக் கீழே, பின் அச்சுக்கும் பின்னால். கேலனுக்கு எட்டுப் பவுண்டுக்கு மேல். இதை நாங்கள் யாரும் யோசிக்காததற்கு ஒரு காரணம் இருந்தது. பதினான்கு வருடத்துக்கு முன் நெவாடாவில் வண்டி பழுதாகி, சொட்டுத் தண்ணீர் இல்லாமல் இரண்டு நாள் சாலையோரம் கிடந்திருக்கிறார்கள். அன்று ட்வைட் போட்ட விதி: நிறைந்த தொட்டி இல்லாமல் பாலைவனத்தை விட்டுக் கிளம்பக் கூடாது. அந்த வண்டியில் மற்ற விதியெல்லாம் ஆர்லிஸுடையது. இது ஒன்றுதான் அவருடையது. அதனாலேயே அவர் படுத்த பிறகு அவள் அதை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நீயா சொல்றே, ட்வைட்? நீயா?"

தலையசைத்தார். பிறகு ஒரு விரலைக் காட்டினார். ஒரு விளக்கு அளவு மிச்சம் வை என்று. நெவாடாவையும் அவர் மறக்கவில்லை.

பாலைவனத்தில் நல்ல தண்ணீரைத் தரையில் விடமாட்டோம். மாரென் போய் நாலு வண்டிக் கதவைத் தட்டினாள். பத்து நிமிடத்தில் மடக்கு வாளி, மடக்குக் குடம், தண்ணீர்ப் பை என்று எங்கள் முகாமில் மடங்குகிற எல்லாம் விரிந்து வரிசையில் நின்றது. அடுத்த மனைக் கனடாக்காரர் தன் பையை நிரப்பிக்கொண்டே, லிண்ட்க்விஸ்ட் தண்ணீரை விடுகிறார் என்றால் உலகம் முடியப் போகிறதா, முன்னாலேயே சொன்னால் துணி துவைத்துவிட்டுச் சாவேன் என்றார். ட்வைட் சிரித்தார். சிரிப்பு அவருக்கு இரண்டு பக்கமும் வந்தது. அதை நான் கவனித்து வைத்துக்கொண்டேன்.

அறுபது கேலன் போனது. நாலே முக்காலுக்கு வண்டி மூன்றாம் முறை பலகைகளில் ஏறியது. எல்ராய் குனிந்து பார்த்தார், எழுந்தார், மறுபடி குனிந்தார்.

"பதினாலாயிரத்து எண்ணூத்தித் தொண்ணூறு. போயிட்டு வாங்கம்மா."

தாளை மாரெனிடம்தான் கொடுத்தார். அவள் இரண்டு முறை படித்தாள். தகட்டிலிருந்த எண்ணோடு ஒப்பிட்டாள். பிறகு இல்லத்துக்குப் போன் செய்து, படுக்கை வேண்டாம், தேவைப்படுகிற வேறு யாருக்காவது கொடுங்கள் என்றாள். போனை வைத்ததும் அவள் தோள் இரண்டு அங்குலம் கீழே இறங்கியது. அப்பாவைக் கூட்டிப்போக அவளும் விரும்பியிருக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

ஆர்லிஸ் பொதுமேசைக்குப் போய், தான் கழித்துப்போட்ட மடக்கு நாற்காலிகளில் ஒன்றை விரித்து அதில் உட்கார்ந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். காபி கேட்டாள். கொடுத்தேன். குடித்துவிட்டு நாற்காலியை மடித்து அதே மேசையில் வைத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் புறப்பாட்டுப் பட்டியலை மாரென் உரக்கப் படித்தாள். படி மடக்கியாச்சா, கூரைச் சன்னல் மூடியாச்சா, சக்கரக் கட்டை எடுத்தாச்சா, நாற்காலியைக் கட்டியாச்சா. ட்வைட் முன் இருக்கையில் பட்டியலைத் தொடையில் வைத்துக்கொண்டு, இடது கையால் கோணல் கோணலாகக் குறியிட்டார். முப்பது மைலில் ஒரு தண்ணீர்க் குழாய் இருக்கிறது, அதைத் தாண்டினால் ஐம்பதில் இன்னொன்று என்று நான் ஒரு சீட்டில் எழுதி அவர் சட்டைப் பையில் வைத்தேன். ஆர்லிஸ் உள்ளே நடந்துபோய் அலமாரிகளைக் கடைசியாக ஒரு முறை இழுத்துப் பார்த்தாள். சுவரிலிருந்த பொத்தானை அழுத்தினாள். ஒரு விளக்கு எரிந்தது. அவரிடம் சொன்னாள். அவர் அதற்கும் ஒரு குறி போட்டார். அவள் வந்து உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினாள்.