கொடுக்கு ஒடியாத இறால்

கலியம்மாளைப் பற்றி ஊரில் யாரும் நல்லபடியாகச் சொன்னதில்லை. அவள் வாய் அப்படி. கட்டியவன் கடலோடு போன பிறகு அந்த வாய்தான் அவளுக்கு வேலியாக இருந்தது. அம்மன் சிலரைப் பூவாகப் படைக்கிறாள், சிலரை முள்ளாகப் படைக்கிறாள். இரண்டுமே அவள் கொடுத்ததுதான்.

சோரியாங்குப்பத்துக்குக் கிழக்கே, பெண்ணையாறு கடலைத் தொடுவதற்குச் சற்று முன்னால், ஒரு பெரிய சேற்றுத் திட்டு உண்டு. ஏற்றத்தில் கடல் தண்ணீர் ஒரு கால்வாய் வழியாக வந்து அதை மூடும். வற்றத்தில் கறுப்புச் சேறு பளபளவென்று வெளியே தெரியும். அந்தச் சேற்றுக்குள் பொந்து பறித்துக்கொண்டு விரல் நீளத்தில் ஒரு வெளுத்த இறால் வாழ்ந்தது. அதற்கு ஒரு பக்கக் கொடுக்கு மட்டும் உடம்புக்குப் பொருந்தாத அளவில் பெரிதாக இருக்கும். கொடுவா மீன் பிடிக்கிற தூண்டில்காரர்களுக்கு அதைவிட நல்ல இரை கிடையாது. மீனவர் வீட்டுப் பெண்கள் திட்டைப் பங்கு போட்டுக்கொண்டு அதைப் பிடித்துத் தூண்டில்காரர்களுக்குக் கொடுப்பார்கள். கலியம்மாளுக்கும் ஒரு பங்கு இருந்தது. அந்தப் பங்கைத் தவிர அவளுக்கு வேறு நாதியில்லை.

அந்தத் திட்டுக்குத்தான் ஆபத்து வந்தது. திட்டை ஒட்டி நிலம் வைத்திருந்த செலியமேட்டு அரிகிருஷ்ணன் பிரெஞ்சு ஆட்சியில் பாகூர் கொம்யூனுக்குத் தலைவராக இருந்த மேரிடம் போய் முறையிட்டார். உப்புத்தண்ணீர் வயலுக்குள் வராமல் அவர் போட்ட கரையை இந்த இறால் துளைத்துவிட்டதாம், நெல் கருகுகிறதாம். கால்வாயை அடைத்துவிட்டால் சேறு காய்ந்து இறால் ஒழியும் என்றார். சேறு காய்ந்தால் இறால் மட்டுமா ஒழியும்?

மேர் உடனே உத்தரவு போடவில்லை. பட்டணத்துப் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் சாமிநாதன் என்று ஒரு வாத்தியார் இருந்தார். புழு, நண்டு, நத்தை என்று புட்டியில் போட்டு வைக்கிறவர். கரையைத் துளைப்பது இந்த இறால்தானா என்று நேரில் பார்த்துச் சொல்லும்படி மேர் அவரிடம் கேட்டார். நடவுக்குள் அவர் பதில் சொல்லாவிட்டால் அரிகிருஷ்ணன் கால்வாயை அடைத்துக்கொள்ளலாம் என்பது பேச்சு.

பூச்சி வாத்தியார் என்று ஊரே சிரித்த அந்த மனிதர், கறுப்புக் கோட்டும் குடையுமாகத் திட்டோரம் வந்து நின்றார். இறாலைப் பற்றி அவர் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. கலியம்மாளின் கொழுந்தன் சிங்காரவேலு, ஊர்ப் பஞ்சாயத்தில் பேசுகிறவன், எல்லோரையும் வாயடைத்து வைத்திருந்தான். சர்க்கார் ஆளுக்குச் சேற்றைக் காட்டினால் நாளைக்கு வேலி போட்டுவிடுவான் என்பது அவன் வாதம்.

கலியம்மாள்தான் கரையேறி வந்தாள்.

"இன்னா வேணும் உமக்கு?"

"இந்த இறால் வேணும். முழுசா. ஆண், பெண், முட்டை வெச்சது எல்லாம்."

"குடுத்தா கால்வாய அடைக்க வுடமாட்டியா?"

"அது இறாலைப் பார்த்தாத்தான் தெரியும். கெட்டிக் களிமண்ணையும் துளைக்கிற ஜாதி ஒண்ணு புத்தகத்துல இருக்கு. அதுவா இருந்தா அரிகிருஷ்ணன் சொல்றது சரி. இது வேற மாதிரி தெரியுது. அப்படி இருந்தா இதுக்கு இன்னும் யாரும் பேரே வைக்கலை."

"ஏன் வைக்கல? நாங்க சேத்து எறான்னுதான சொல்றோம்."

வாத்தியார் பல்லைக் கடித்துக்கொண்டு புட்டியை நீட்டினார்.

மறுநாள் கலியம்மாள் ஒரு சட்டி நிறையக் கொண்டுவந்தாள். வாத்தியார் ஒன்றை எடுத்தார், பூதக்கண்ணாடிக்குக் கீழே பிடித்தார், கீழே போட்டார். இன்னொன்றை எடுத்தார். அவர் முகம் சிவந்துபோயிற்று.

"கொடுக்கு எங்கே?"

"ஒடிச்சிப்புட்டேன்."

"ஏன் ஒடிச்சே?"

"ஒடிக்காம? தூண்டில் கயித்தப் புடிச்சிக்கும். கையக் கடிக்கும். வெளிய வந்ததும் ஒடிக்கறதுதான்."

"முட்டாள் பொம்பளை. அந்தக் கொடுக்குலதான்டி எல்லாம் இருக்கு. அது இல்லாம நான் என்னன்னு எழுதறது?"

"டி போட்டுப் பேசாத வாத்தியாரே. உன் புட்டிக்குள்ள பொறந்த எறா இல்ல இது."

அவர் சட்டியைச் சேற்றில் கவிழ்த்துவிட்டுப் போனார். சுற்றி நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிங்காரவேலு தூரத்திலிருந்து, "அண்ணிக்கு உத்தியோகம் போச்சு" என்றான்.

ஆனால் கலியம்மாள் விடவில்லை. அடுத்த வற்றத்தில் விடியலிலேயே இறங்கினாள். அம்மன் பேரைச் சொல்லிக்கொண்டு பொந்துக்குள் கையை விட்டாள். இறால் அகப்பட்டது. இழுத்தாள். வெளியே வந்ததும் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் தாமாகவே போய்க் கொடுக்கை ஒடித்தன. கையைப் பார்த்துத் திட்டினாள். அந்த இரண்டு விரலுக்கும் துணி சுற்றிக்கொண்டு மறுபடி இறங்கினாள். இப்போது விரல் ஒடிக்கவில்லை, இறாலே ஒடித்துக்கொண்டது. இழுத்த இழுப்பில் கொடுக்கை அவள் கையில் விட்டுவிட்டு உடம்பு மட்டும் உள்ளே போயிற்று. மண்வெட்டியால் வெட்டிப் பார்த்தாள். கூழ் போன்ற சேறு வெட்டிய இடத்திலேயே மூடிக்கொண்டது.

"எத்தனை நாளைக்கு இந்தக் கூத்து?" என்றாள் பக்கத்துப் பங்குக்காரி காசம்மாள். "அவன் உன்னைத் திட்டினதுக்கு நாங்களே வெக்கப்பட்டோம். உனக்கு இல்ல."

"கால்வாய அடைச்ச பொறவு நீ வெக்கத்த இரையாக் கோத்துக்கோ."

அவளுக்கு வேறொன்று தோன்றிவிட்டது. கெட்டியான மண்ணில் பொந்து இருந்தால் கட்டியாக வெட்டி எடுக்கலாம், உள்ளே இருப்பது இழுபடாமல் முழுசாக வரும். கெட்டி மண் இருந்தது அரிகிருஷ்ணன் கரையில். அங்கே வெட்டினால் இறால் கரையைத் துளைப்பதற்கு அவளே சாட்சி எடுத்துக் கொடுத்ததாகும். வெட்டாவிட்டால் வாத்தியார் எழுதப்போவதில்லை, நடவோடு கால்வாய் அடைபடும். குளித்துவிட்டு அம்மன் கோயில் வாசலில் போய் நின்றாள். விளக்கு சும்மா எரிந்துகொண்டிருந்தது. அவள் உண்மையாக நடந்துகொள்ளட்டும் என்று அம்மன் நினைத்திருக்கலாம். திரும்பி வந்து வாத்தியாருக்குச் சொல்லி அனுப்பினாள்.

வாத்தியார் வந்தபோது அவள் கரைமேல் மண்வெட்டியோடு நின்றாள். செம்மண் கரை. இடையிடையே ஒட்டுப்போட்ட மாதிரி கறுப்பாக மண் பூசிய இடங்கள் இருந்தன. ஒரு கறுப்பு ஒட்டில் பொந்து தெரிந்தது. மண்வெட்டியை இறக்கிக் கட்டியாகப் பெயர்த்துப் பலகைமேல் வைத்து, ஓலைத் துணுக்கால் மெதுவாகப் பிரித்தாள். உள்ளே இறால் மடங்கிக் கிடந்தது. பெரிய கொடுக்கு அப்படியே இருந்தது. கலியம்மாள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நீயே எடுத்துக்கோ. என் கையை நம்பாத."

வாத்தியார் மூச்சு விடாமல் எடுத்துக் கண்ணாடியில் பார்த்தார். கொடுக்கின் உள்விளிம்பைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். "அது இல்லை," என்றார். "களிமண் துளைக்கிற ஜாதி இல்லை. இது புதுசு."

அப்போதுதான் அரிகிருஷ்ணன் இரண்டு ஆட்களோடு வந்து சேர்ந்தார்.

"பார்த்தீங்களா வாத்தியார் முசே? என் கரையிலேர்ந்துதான எடுத்தா? அவ வாயால சொல்லச் சொல்லுங்க."

"ஆமா, உங் கரையிலதான் எடுத்தேன்," என்றாள் கலியம்மாள். "ஆனா இது உங் கரையா?" பிரித்துப் போட்ட கட்டியைக் காலால் உருட்டினாள். அதில் மட்டிச் சிப்பிகள் பதிந்திருந்தன. "இந்தச் சிப்பி செலியமேட்டுல மொளைக்குதா பண்ணையாரே? இது எங்க திட்டுச் சேறு. எவன் அள்ளியாந்து அப்பினது?"

"அள்ளாம? செம்மண்ணு நிக்கல. உன் சேறுதான் பிசின் மாதிரி ஒட்டுது. வருஷா வருஷம் அதுலதான் பூசறோம்."

"யாரக் கேட்டு?"

"உன் கொழுந்தனக் கேளு. வண்டி வண்டியா அவன்தான் ஏத்திவுட்டான். வூட்டுக் கூரைக்கு வைக்கோலு எங்கேர்ந்து வந்துச்சின்னு நெனைச்ச?"

கலியம்மாள் திரும்பிக் குப்பத்துப் பக்கம் பார்த்தாள்.

வாத்தியார் மண்வெட்டியை அவள் கையிலிருந்து வாங்கிக் கரை நெடுகத் தானே வெட்டிப் பார்த்தார். கோட்டெல்லாம் மண். கறுப்பு ஒட்டில் வெட்டிய இடமெல்லாம் இறால் இருந்தது. செம்மண்ணில் ஒரு பொந்துகூட இல்லை.

"நீரே விதை போட்டிருக்கீர்," என்று அரிகிருஷ்ணனிடம் எரிந்து விழுந்தார். "சேத்தோட இறாலையும் கொண்டாந்து கரையில குடிவெச்சிட்டு, இறால் வந்துட்டுதுன்னு மேர்கிட்ட அழுவீரா?"

அரிகிருஷ்ணன் அவரையும் கலியம்மாளையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுக் காறித் துப்பிக்கொண்டு போனார். வாத்தியார் புட்டியை மூடினார். இந்த இறாலுக்குத் தனக்குப் பாடம் சொன்ன பிரெஞ்சு ஆசிரியரின் பேரை வைக்கப்போவதாகச் சொன்னார்.

"நான் புடிச்ச எறாவுக்கு எவனோ பேரா? நல்லா இருக்குது உன் நாயம்."

"மத்ததெல்லாம் ஒழுங்கா ஒடிச்சிக் குடுத்தியே, அதுக்கு உன் பேரு வைக்கலாம்," என்றார் அவர். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

இறால் திட்டுச் சேற்றில் மட்டுமே வாழ்கிறது, அந்தச் சேறு பூசிய இடத்தைத் தவிரக் கரையில் எங்கும் இல்லை என்று அவர் மேருக்குச் சொன்னார். கால்வாயை அடைக்கக் கூடாது, திட்டிலிருந்து இனி சேறு எடுக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது.

ஊர் மகிழ்ந்திருக்க வேண்டும். ஆனால் சேறு ஏற்றிவிட்டதற்காகச் சிங்காரவேலு பஞ்சாயத்தில் தலைகுனிந்து நின்றதை யாரும் மறக்கவில்லை. வைக்கோல் வாங்கியவன் அவன் ஒருவன் மட்டும் இல்லை என்பதும் அன்றைக்கு வெளிப்பட்டது. வெளியாள் முன்னால் ஊரைக் காட்டிக் கொடுத்தவள் என்று கலியம்மாளுக்குப் பேர் வந்தது. சிங்காரவேலு அவள் வாசல் பக்கம் பார்க்காமல் நடந்தான். "அண்ணி செத்தா நான் தோள் குடுக்கமாட்டேன்" என்று கடைத்தெருவில் சொன்னான்.

"கொள்ளி அம்மன் வெப்பா," என்று அவள் திருப்பிச் சொல்லி அனுப்பினாள்.

நடவு முடிந்த பிறகு ஒரு நாள் வற்றம் பார்த்துப் பெண்கள் திட்டில் இறங்கினார்கள். கால்வாயில் தண்ணீர் சலசலவென்று வடிந்துகொண்டிருந்தது. கலியம்மாள் வருவதைப் பார்த்துக் காசம்மாள் தன் கூடையை நகர்த்தி வழியில் வைத்தாள். மற்றவர்கள் முதுகைத் திருப்பிக்கொண்டார்கள். கலியம்மாள் கூடையைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேலையை இழுத்துச் செருகி, தன் பங்கில் முழங்கால் ஆழம் இறங்கினாள்.