மூன்றாம் காட்சியின் முனியம்மா

பிரித்தானியச் சிப்பாய்களின் சிவப்பு மேலங்கிகள் எல்லாம் ஒரே வீட்டின் திரைச்சீலைகள். வியா மக்வேதாத் தெருவில் சறோஜா வேலை செய்யும் வீட்டின் எசமானி, சிஞ்ஞோரா, அவற்றைக் குப்பையில் போடச் சொன்னார். சறோஜா துவைத்து மடித்துக் கோவில் மண்டபத்துக்குக் கொண்டுவந்தார். இத்தாலியின் பலேர்மோ நகரத் தமிழ்க் கத்தோலிக்கரின் ஆண்டுவிழா நாடகத்துக்கு உடை தைப்பவர் அவர்தான். ஞாயிறு பூசை முடிந்ததும் தேத்தண்ணி ஊற்றுவதற்குப் பெண்களுக்கு முறை உண்டு. ஆனால் யாருடைய முறையானாலும், "சறோஜா அக்கா, தேயிலைச் சாயத்தை ஒருக்கா வந்து பாருங்கோ" என்றுதான் கூப்பிடுவார்கள். அப்படி ஒரு கை.

இந்த ஆண்டு நாடகம் அமெரிக்காவின் விடுதலைப் போர். எழுதி இயக்கியவர் அல்பேட். யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறைக்காரர், அடுக்குமாடிக் கட்டடமொன்றில் வாசற்காவலர். வாசலில் இருந்தபடியே நிறைய வாசிப்பவர். ஏன் அமெரிக்கா என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில்:

"எங்கடை சண்டையைப் போட்டால் அரசியல் எண்டு சுவாமியார் மண்டபத்தைப் பூட்டிப்போடுவார். அமெரிக்கன்ரை சண்டையைப் போட்டால் சரித்திரம். விளங்கிறவனுக்கு விளங்கும்."

நாடகம் நன்றாகவே எழுதப்பட்டிருந்தது. முதற் காட்சியில் பிரான்சோடு போரிட்டு வென்ற அரசன், போரின் செலவைக் கடலுக்கு அப்பாலிருந்த குடியேறிகளின் தலையில் கட்டுகிறான். பத்திரிகைக்கு வரி, பத்திரத்துக்கு வரி, விளையாடும் சீட்டுக்கட்டுக்கும் வரி. எங்களுக்கு ஓர் ஆசனமும் இல்லாத மன்றம் எங்களிடம் எப்படி வரி கேட்கலாம் என்று அவர்கள் முணுமுணுக்கிறார்கள். அந்த நேரம் யாருக்கும் தனி நாடு வேண்டியிருக்கவில்லை. அரசனுக்கு நல்ல புத்தி வந்தால் போதும் என்றிருந்தார்கள். இரண்டாம் காட்சியில் முணுமுணுப்பு புறக்கணிப்பாகிறது. அரசனின் துணி வேண்டாம், தேயிலை வேண்டாம். தேநீர் நீட்டப்படும்போது பெண்கள் ஆளுக்கொரு சாட்டுச் சொல்லி மரியாதையாக மறுக்கிறார்கள். மூன்றாம் காட்சி பொஸ்ரன் துறைமுகம்: தேயிலைப் பெட்டிகள் கடலில் விழுகின்றன. நான்காவதில் அரசன் துறைமுகத்தைப் பூட்டுகிறான், படை வருகிறது, உழவர்கள் துவக்குத் தூக்குகிறார்கள். கடைசியில் ஒரு சிறுமி தனியே முன்னால் வந்து, எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்ற பிரகடனத்தைச் சொல்ல வேண்டும்.

அந்தச் சிறுமி சறோஜாவின் மகள் லக்ஷனா. பன்னிரண்டு வயது. பாடசாலையில் இத்தாலிய மொழியில் இதே பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தவள். மகளின் பெயர் அறிவிக்கப்பட்ட அன்று சறோஜா தைத்த இரண்டு மேலங்கிகளின் கைகள் இடம் மாறிவிட்டன. அவ்வளவு சந்தோசம்.

சறோஜாவின் ஊர் மன்னார் என்றுதான் பலேர்மோவில் எல்லோருக்கும் தெரியும். உண்மையில் மன்னார் அவருடைய கணவர் விமலராஜுக்குத்தான் ஊர். சறோஜா பிறந்தது மலையகத்து மஸ்கெலியாவில், ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயத்தில், தொழிலாளரின் வரிசை வீடொன்றில். தாய் கொழுந்து பறித்தவர். அக்கா இன்றும் பறிக்கிறார். சிறுமியாக இருந்தபோதே சறோஜா கொழும்பில் ஒரு யாழ்ப்பாண வீட்டுக்கு வேலைக்கு அனுப்பப்பட்டார். அவருக்கென்று ஒரு தட்டு, ஒரு கோப்பை. குசினிக்கு வெளியே, தண்ணீர்க் குழாய்க்குக் கீழே கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். அந்த வீட்டில் அவர் யாழ்ப்பாணத் தமிழைக் கற்றார். யாரும் கற்பிக்கவில்லை. வாய் திறந்தால் சிரிப்பார்கள் என்பதால் கற்றார். இத்தாலிக்குப் போகக் காத்திருந்த விமலராஜ் அந்தத் தெருவில்தான் தங்கியிருந்தார். விரும்பிக் கட்டினார். பிறகு அவரை இங்கே கூப்பிட்டபோது விமான நிலையத்திலேயே சொன்னார்: "ஆரும் கேட்டால் மன்னார் எண்டு சொல்லு. சோலி இல்லை."

சோலி இருக்கவில்லை. வெளியே யாழ்ப்பாணத்து 'வாறன், போறன்'. வாரத்தில் ஒருநாள் அக்காவோடு தொலைபேசியில் மட்டும் மஸ்கெலியாத் தமிழ். பக்கத்தில் படுத்திருந்து கேட்டு வளர்ந்த லக்ஷனாவுக்கு அது பெரியம்மாவின் பாசை, அவ்வளவுதான்.

ஒத்திகையின் இடைவேளையில் அட்டைப் பெட்டிகளை அடுக்கச் சொன்னபோது அவள் ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு, இடுப்பில் கைவைத்து நடந்தபடி பெரியம்மாவின் பாசையில் பேசினாள். "ஐயோ தொரை, பொட்டி கனக்குதுங்க! ஒரு கை புடிச்சா கொறஞ்சா போயிருவீங்க?"

மண்டபம் அதிர்ந்தது. கோவில் சபைத் தலைவர் ஏர்னஸ்ற் கதிரையில் இருந்து சரிந்து சிரித்தார். அல்பேட் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பிள்ளை, திருப்பிச் செய், திருப்பிச் செய்!" என்றார். அந்த இடத்திலேயே மூன்றாம் காட்சியில் ஒரு புதிய பாத்திரம் பிறந்தது: ஆளுநரின் வேலைக்காரி முனியம்மா. பெட்டி தூக்குவாள், தடக்கி விழுவாள், ஏச்சு வாங்குவாள்.

"நாடகம் எண்டால் சிரிப்பும் வேணும்," என்றார் அல்பேட். பக்கத்தில் நின்ற இன்னொரு சிறுமியைக் காட்டி, "பிரகடனத்தை அனிற்றா சொல்லட்டும். அதை ஆரும் சொல்லலாம். இது ஒருத்தருக்கும் வராது."

"உந்தத் தோட்டக்காட்டான் பேச்சை எங்கை பிடிச்சனி பிள்ளை?" என்று, மலையகத்தாரை இழிக்கும் சொல்லாலேயே ஏர்னஸ்ற் கேட்டார்.

லக்ஷனா சிரித்தபடி தாயைத் திரும்பிப் பார்த்தாள். சறோஜாவின் வாய் மூளையை முந்திக்கொண்டது.

"யூரியூப்பிலை பாத்திருப்பாள்."

லக்ஷனாவின் சிரிப்பு நின்றது. ஏன் என்று அங்கே ஒருவரும் கவனிக்கவில்லை.

சிரிப்பு வேண்டுமென்றால் ஒரு வேலைக்காரரைக் கொண்டுவருவதும், வேலைக்காரரென்றால் மலையகத் தமிழ் பேச வைப்பதும் அல்பேட் கண்டுபிடித்ததல்ல. அவர் சிறுவயதில் பார்த்துச் சிரித்த மேடைகளின் சொத்து அது. பொஸ்ரன் பெட்டிகளில் இருந்தது சீனத் தேயிலை. மஸ்கெலியா மலைகளில் தேயிலை ஏறுவதற்கு அதன்பின் ஏறக்குறைய நூறு ஆண்டு ஆயிற்று. இதெல்லாம் அல்பேட்டுக்குத் தெரியும். அந்தக் கப்பல்களில் ஏறியவர்கள் பூர்வகுடிகளின் வேடம் போட்டுக்கொண்டு ஏறினார்கள் என்பதும், விடுதலை கிடைத்தபின் அதே பூர்வகுடிகளின் நிலத்தைப் பிடுங்கினார்கள் என்பதும் தெரியும். அரசன் எங்களை அடிமையாக்குகிறான் என்று முழங்கியவர்களில் பலருடைய வயல்களில் அடிமைகள் வேலை செய்தார்கள் என்பதும் தெரியும். ஒத்திகைக்கு ஒத்திகை பிள்ளைகளுக்கு அதைச் சொன்னவரே அவர்தான். இலங்கை சுதந்திரம் பெற்ற அதே ஆண்டில் தோட்டத் தொழிலாளரின் குடியுரிமையைப் பறிக்கச் சட்டம் வந்ததும், அதைத் தமிழர் எல்லோரும் ஒருமித்து எதிர்க்கவில்லை என்பதும் தெரியும். இவ்வளவும் தெரிந்த மனிதர் முனியம்மாவுக்கு வசனம் எழுதும்போது தானே சிரித்துக்கொண்டு எழுதினார். அறிவு ஒரு பக்கம் கிடக்க, சிரிப்பு மறுபக்கத்தால் வந்துவிடுகிறது. வெட்கப்பட வேண்டிய இடம் இதுதான்.

அன்றிரவே லக்ஷனா ஒத்திகையின் வீடியோவைப் பெரியம்மாவுக்கு அனுப்பிவிட்டாள். அடுத்த நாள் சறோஜா சிஞ்ஞோராவின் குசினியில் பாத்திரம் துடைத்துக்கொண்டு அக்காவின் குரற்பதிவைக் கேட்டார்.

"புள்ள நல்லாத்தான் பேசுது சரோ. நம்ம லயத்துப் புள்ள மாதிரியே இருக்கு. ஆனா ஒண்ணு கேக்கணும். பொட்டி கனக்குதுன்னு தானே சொல்லுது? அதுக்கு ஏன் எல்லாரும் அப்புடி சிரிக்கிறாங்க?"

அக்கா குத்திக் கேட்கவில்லை. மெய்யாகவே விளங்காமல் கேட்டார். சறோஜா பதிவை மூடிவிட்டு, துடைத்த பாத்திரத்தையே மறுபடி துடைத்தார்.

மாலையில் லக்ஷனா விடவில்லை.

"மம்மா, ஏன் பொய் சொன்னீங்கள்? நான் யூரியூப்பிலை பாக்கேல்லை எண்டு உங்களுக்குத் தெரியும்."

சறோஜா உருளைக்கிழங்கு வெட்டிக்கொண்டிருந்தார்.

"தோட்டக்காட்டான் எண்டா ஆர்? பெரியம்மாவோ?"

"ஓம்."

"அப்ப நீங்களும்?"

"நானுந்தான்."

லக்ஷனா, "அப்ப நான் பெரியம்மாவைப் பாத்து எல்லாரையும் சிரிக்க வைச்சனான்," என்று அழத் தொடங்கினாள்.

நகரின் ஓரத்துச் சியாகுல்லித் தோட்டத்தில் மண்டரின் தோடம்பழம் பறித்துவிட்டு வந்திருந்த விமலராஜ் சப்பாத்தைக் கூடக் கழற்றவில்லை. "இருவது வருசமாய் ஒருத்தருக்கும் தெரியாது. ஒரு நாள் கூத்துக்காக இப்ப திறந்து காட்டப் போறியே? நாளைக்கு இவளுக்குக் கலியாணம் பேச வேண்டாமே?"

"பொய்யச் சொல்லித்தான் பேசணுமா?" என்றார் சறோஜா. கணவரிடம் அவர் அந்தத் தமிழில் பேசி வெகுகாலம். விமலராஜ் கெட்டவர் அல்ல. அவர் சொன்னது நடக்கக்கூடியது என்பது சறோஜாவுக்கும் தெரியும். அந்த இரவு முழுவதும் அவருக்கு மகளின் கலியாணமும் அக்காவின் கேள்வியும் மாறி மாறி வந்தன. கலியாணம் என்றோ வருவது. கேள்வி தொலைபேசியில் காத்திருந்தது.

கடைசி ஒத்திகையில் முனியம்மா வரவேண்டிய இடத்தில் மேடை வெறுமையாக நின்றது. லக்ஷனா கீழே, தாய் தைத்துக்கொண்டிருந்த உடைக் குவியலுக்குப் பின்னால் இருந்தாள். "எங்கை எங்கடை முனியம்மா?" என்று ஏர்னஸ்ற் குரல் கொடுத்தார். "கொழுந்து பறிக்கப் போட்டாவோ?"

சிரிப்பு எழுந்து அடங்கும்வரை காத்திருந்து சறோஜா எழுந்தார். ஊசி இன்னும் விரலிடுக்கில் இருந்தது.

"புள்ள வராதுங்க. அது யூரியூப்புல பாத்த பேச்சு இல்ல. என் பேச்சு. எங்கக்கா பேச்சு. நாங்க மஸ்கெலியா."

ஒருவர் இருமினார். அல்பேட் கையிலிருந்த தாள்களை ஒழுங்காக்கினார். அவை ஒழுங்காகத்தான் இருந்தன.

"எனக்குத் தெரியாது தங்கச்சி. தெரிஞ்சிருந்தால் இப்பிடிச் செய்திருப்பனே?"

"தெரிஞ்சிருந்தா என்னா செஞ்சிருப்பீங்க அண்ணே? சிரிக்காம இருந்திருப்பீங்களா, இல்ல என்னய இந்த மண்டபத்துக்குள்ள விடாம இருந்திருப்பீங்களா?"

"சரி, சரி," என்றார் ஏர்னஸ்ற். "பகிடிக்குத்தானே. இதை ஏன் பெருப்பிக்கிறியள்?"

"பகிடின்னா எனக்கும் சிரிப்பு வரணும்ல." அவர் அல்பேட்டைத்தான் பார்த்தார். "முனியம்மாவ எடுத்துருங்க. புள்ளைக்கு மொதல்ல குடுத்தத அதுக்கே திருப்பிக் குடுங்க."

ஆசனம் இல்லாத மன்றத்துக்குப் பணியமாட்டோம் என்று ஒரு மணிநேர வசனம் எழுதிய அல்பேட், சபைத் தலைவரைப் பார்த்தார். சபைத் தலைவர் மேலே மின்விசிறியைப் பார்த்தார்.

"முனியம்மாவை எடுக்கிறன்," என்றார் அல்பேட். "பிரகடனம்... அனிற்றா பாடமாக்கிப்போட்டாள். இப்ப மாத்தினால் அந்தப் பிள்ளை அழும்."

லக்ஷனாவிடமிருந்து அதை எடுத்தபோது யாருக்கும் அந்தக் கவலை வந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அவள் அப்போது அழவில்லை. உடைக் குவியலில் இருந்து திரைச்சீலை மேலங்கி ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டு, "அப்ப நான் ராசான்ரை பக்கம்," என்றாள்.

நாடகம் சிறப்பாக நடந்தது. பெட்டிகள் விழுந்தபோது பிள்ளைகள் ஆரவாரித்தார்கள். அனிற்றா ஒரு சொல்லும் பிசகாமல் எல்லா மனிதரும் சமம் என்றாள். கைதட்டல் ஓய நேரம் எடுத்தது. பின் வரிசையில் சிவப்பு மேலங்கியோடு நின்ற லக்ஷனா தட்டவில்லை. சிப்பாய்கள் கைதட்டக்கூடாது என்று அல்பேட்டே சொல்லியிருந்தார்.

பிறகு தேத்தண்ணி. அன்று சறோஜாவின் முறை. பெரிய பாத்திரத்தில் சாயம் ஊற்றி, பாலைச் சூடாக்கி, கோப்பைகளை அடுக்கிவிட்டு நின்றார்.

"இப்பதான் வீட்டிலை குடிச்சிட்டு வந்தனான் சறோஜா."

"எனக்குப் பிரஷர் அக்கா, சாயம் கூடாதாம்."

"பிறகு எடுக்கிறன் என்ன."

ஏர்னஸ்ற்றின் மனைவி எமிலியானா வீட்டிலிருந்து பழச்சாறுப் போத்தல்கள் கொண்டுவந்து மறுபக்கத்தில் வைத்திருந்தார். வெக்கைக்குக் குளிராக ஏதாவது நல்லது என்றார். வெக்கை உண்மைதான். எல்லோரும் சிரித்த முகத்தோடுதான் கடந்தார்கள். சிலர் சறோஜாவின் தோளைக் கூடத் தட்டினார்கள். இரண்டாம் காட்சியை மண்டபம் முழுவதும் சேர்ந்து, ஒத்திகை பார்க்காமலே, மேடையில் நடித்ததைவிட நன்றாக நடித்தது.

குடித்தவர்கள் சிலர். இரண்டு பெண்கள் வேண்டுமென்றே சத்தமாகக் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். விமலராஜ் வந்து கோப்பையை எடுத்துக்கொண்டு மேசைக்கு இந்தப் பக்கம், மனைவிக்கு அருகில் நின்றார். அங்கிருந்து நகரவில்லை. லக்ஷனா வேர்வையில் நனைந்த மேலங்கியோடு மூன்றாவது கோப்பையைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

மண்டபம் பாதி வெறுமையானபின் அல்பேட் வந்தார்.

"தங்கச்சி, எனக்கொரு தேத்தண்ணி."

சறோஜா ஊற்றிக் கொடுத்தார். பிறகு ஏப்ரனில் கையைத் துடைத்து, தொலைபேசியை எடுத்து வாயருகே பிடித்தார். குரலைத் தாழ்த்தவில்லை.

"அக்கா, ஏன் சிரிச்சாங்கன்னு கேட்டியே. நாம யாருன்னு தெரியாம சிரிச்சாங்க. இப்ப தெரிஞ்சிருச்சு. இப்ப சிரிக்கல." மேசையிலிருந்த கோப்பைகளைப் பார்த்தார். "தேத்தண்ணிதான் மிஞ்சிக் கெடக்கு. நீ பறிச்சதாக் கூட இருக்கும்."

அனுப்பிவிட்டுப் பாத்திரத்தை மூடினார். அல்பேட்டின் கையில் கோப்பை அப்படியே இருந்தது. மேசையில் திருப்பி வைத்தால் அவரும் மறுத்தவராவார். அதனால் ஆறிப்போனதை நின்ற நிலையிலேயே, கடைசிச் சொட்டுவரை, யாரையும் பார்க்காமல் குடித்தார்.

"சீனி போட மறந்துட்டேன் அண்ணே," என்றார் சறோஜா.

"இல்லை," என்றார் அவர். "காணும், இது போதும்."