நேற்றைக்கு ஒரு ஸ்டாப் தள்ளி

எங்கள் வீட்டில் என்னிடம் அதிகம் சொல்லப்பட்ட வாக்கியம், கொஞ்ச நேரம் வாயை மூடு என்பதுதான். அப்பா நைட் ஷிப்ட் முடித்துவிட்டுப் பகலில் தூங்குவார். ஓசூரில் நாங்கள் குடியிருந்த லைன் வீடுகளில், எந்த நேரமானாலும் ஏதாவது ஒரு வீட்டில் யாராவது தூங்கிக்கொண்டிருந்தார்கள். நான் தூக்கத்திலும் பேசுகிறேன் என்பது அம்மாவின் புகார்.

மூன்றாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில்தான் என் பேச்சுக்கு ஆள் கிடைத்தது. அந்த ஆள் மாமா.

மாமா அம்மாவின் தம்பி. விருதுநகர் பக்கத்திலிருந்து வந்து எங்களோடு தங்கி, சிப்காட்டில் வண்டிகளுக்கு பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். ஒரு நாள் காலை கம்பெனி பஸ்ஸில் போகும்போது அவருக்கு மூச்சு அடைத்தது. நெஞ்சு படபடத்து, சட்டை நனைந்து, செத்துவிடுவேன் என்று கத்தி பஸ்ஸை நிறுத்தி, ஹைவே ஓரத்தில் இறங்கி உட்கார்ந்துவிட்டார். கூட வேலை பார்ப்பவர்கள் ஆட்டோவில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஈசிஜி எடுத்துப் பார்த்தார்கள். இதயத்தில் ஒரு குறையும் இல்லை. அப்பா அது வெறும் கேஸ் ட்ரபிள் என்றார். பக்கத்து வீட்டு அக்கா ஓமத் தண்ணீர் கொடுத்தாள்.

ஆனால் அதற்குப் பிறகு மாமாவால் எந்த பஸ்ஸிலும் ஏற முடியவில்லை. படியில் ஒரு காலை வைப்பார். முகம் வெளுத்து இறங்கிவிடுவார். மாதக் கடைசிக்குள் வரவில்லையென்றால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வோம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. ஊருக்கே திருப்பி அனுப்பிவிடலாம் என்று அப்பா சொல்ல ஆரம்பித்தார். அங்கே அவருக்காகக் காத்திருந்தது மழை பெய்யாத நிலமும், 'ஏன் வந்துட்ட?' என்று கேட்க ஒரு தெருவும்தான்.

மாமா யாரிடமும் சொல்லாமல் நடந்தே போய் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தார். இதை அவர் எனக்குச் சொன்னது நான் கல்லூரியில் சேர்ந்த பிறகு. மருத்துவர் மாத்திரை கொடுத்ததோடு ஒரு வேலையும் கொடுத்திருந்தார். பயம் ஏறும், கொஞ்ச நேரம் நின்று தானாக இறங்கும். நீங்கள் அது இறங்குவதற்குள் பஸ்ஸைவிட்டு இறங்கிவிடுகிறீர்கள். முதல் நாள் ஒரு ஸ்டாப் போங்கள். மறுநாள் இன்னொன்று. துணைக்கு யாரையாவது கூட்டிக்கொள்ளுங்கள்.

பெரியவர்கள் யாரையாவது கூட்டிப் போயிருந்தால், லைன் வீட்டில் இந்தச் செய்தி சாயங்காலத்துக்குள் எல்லா வாசலுக்கும் போய்ச் சேர்ந்து, ராத்திரிக்குள் பைத்தியம் என்று மாறியிருக்கும். அதனால் மாமா என்னைக் கூட்டிக்கொண்டார்.

என்னிடம் அது விளையாட்டு என்றார். பேரிகை போகும் டவுன் பஸ்ஸில் ஏற வேண்டும். தினமும் நேற்றைக்கு ஒரு ஸ்டாப் தள்ளி இறங்க வேண்டும். இறங்கிய இடத்தில் எது கிடைக்கிறதோ அதைத் தின்றுவிட்டுத் திரும்ப வேண்டும். எனக்கு ஜன்னல் சீட்டு. அவர் 'சொல்லு' என்றால் வெளியே தெரிவதையெல்லாம் நான் நிறுத்தாமல் சொல்ல வேண்டும். வீட்டில் கேட்டால் பார்க்குக்குப் போனோம் என்று சொல்ல வேண்டும்.

உலகத்தில் இப்படி ஒரு விளையாட்டு இருப்பது தெரியாமல் இவ்வளவு நாள் பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்தேனே என்று எனக்கு வருத்தமாக இருந்தது. பச்சை லாரி, நாய், நாய்க்குப் பின்னால் இன்னொரு நாய், பாதி கட்டிய வீடு, அதில் திருஷ்டி பொம்மை, பொம்மைக்கு மீசை இல்லை என்று நான் சொல்லிக்கொண்டே போவேன். மாமா முன் சீட்டின் கம்பியைப் பிடித்தபடி, "மீசை இல்லையா? நல்லாப் பாத்தியா?" என்று கேட்பார். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் என்னிடம் அடுத்த கேள்வி கேட்டதில்லை.

பெட்ரோல் பங்கில் குச்சி ஐஸ். அதற்கடுத்த மில் வாசலில் வேகவைத்த கடலை. ஒரு ஸ்டாப்பில் ஒன்றுமே கிடைக்காமல், தோட்டக்காரர் ஒருவர் கொடுத்த பச்சைத் தக்காளியைத் தின்றோம். கண்டக்டருக்கு எங்கள் கணக்கு சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. "இன்னிக்கு எது வரைக்கும் பாப்பா? இப்படியே போனா லீவு முடியறதுக்குள்ள பார்டர் தாண்டி மாலூர் போய் கன்னடம் கத்துக்குவீங்க" என்றார்.

பாகலூர் தாண்டிய அன்று என்னால் அதற்கு மேல் பார்க் என்று பொய் சொல்ல முடியவில்லை. தின்றதை மட்டும் சொல்லலாம் என்றுதான் ஆரம்பித்தேன். எல்லாமே வெளியே வந்துவிட்டது.

அம்மா அரிசி களைவதை நிறுத்தினாள். கம்பெனி பஸ்ஸில் ஏறினால் அடைக்கும் நெஞ்சு, பேரிகை பஸ்ஸில் மட்டும் எப்படி அடைக்காமல் இருக்கிறது? அந்த பஸ்ஸில் யார் வருகிறார்கள் என்று கேட்டாள். நான் யோசித்து, பாகலூரில் ரோஜாப் பண்ணை வேலைக்குப் போகும் ஓர் அக்கா ஏறியதையும், மாமா உடனே எழுந்து அவளுக்கு இடம் கொடுத்ததையும் சொன்னேன்.

"பேசுனானா?"

"இல்ல. வேர்த்துச்சு."

அம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது. மாமா எழுந்தது கதவுக்குப் பக்கத்தில் போய் நிற்பதற்காக என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது. பெயர் வைக்கத் தெரியாத ஒரு நோயைவிட, காதல் எவ்வளவோ மேல் என்று அம்மா நினைத்திருக்க வேண்டும். அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு அப்பளம் பொரித்தாள். அப்பா மட்டும், என்ன ஆளுங்களோ, தெலுங்கா கன்னடமா என்று கவலைப்பட்டார்.

கடைசி ஸ்டாப் பேரிகை. மாதக் கடைசியும் நெருங்கியிருந்தது. பேரிகை வரை போய் இறங்கிவிட்டால் திங்கட்கிழமை கம்பெனி பஸ். முடியாவிட்டால் ஊருக்கு ரயில். மாமா தனக்குத்தானே அப்படி முடிவு செய்திருந்தார். சந்தை நாள் என்பதை அவர் கவனிக்கவில்லை. அம்மா முந்தானையால் தலையை மூடிக்கொண்டு பின்வாசல் வழியாக அதே பஸ்ஸில் ஏறியதையும் கவனிக்கவில்லை.

பாகலூரில் கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டு ஏறியது. பேரிகை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் ஒரு டிராக்டர் குறுக்கே நின்றுவிட, பஸ் அசையவில்லை. யாரோ ஒரு கொத்தமல்லி மூட்டையைத் தூக்கி என் மடியில் சாய்த்தார்கள். ஜன்னல் மறைந்துபோனது.

"சொல்லு" என்றார் மாமா.

"மூட்டை" என்றேன்.

"அப்புறம்?"

"மூட்டைதான் மாமா. வேற ஒண்ணும் தெரியல."

வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குப் பேச ஒன்றும் இல்லாமல் போனது. மாமாவின் காதோரம் வேர்வை வழிந்தது. எழுந்து, இறக்கிவிடச் சொல்லிக் கண்டக்டரைக் கூப்பிட்டார். குரல் பாதிதான் வந்தது.

பெண்ணைப் பார்க்க வந்த அம்மா, பின்னாலிருந்து தம்பியைப் பார்த்தாள். ஆட்டோவிலிருந்து இறக்கிய அன்று பார்த்த அதே முகம். தலையிலிருந்த முந்தானை நழுவ, கூடைகளையும் கால்களையும் மிதித்துக்கொண்டு முன்னால் வந்து அவர் தோளைப் பிடித்தாள்.

"உக்காருடா. நேத்து வீட்டுக்கார அம்மா என்ன பண்ணுச்சுன்னு தெரியுமா?"

மூச்சுவிடாமல் தொடங்கினாள். வீட்டுக்கார அம்மா மோட்டாரை நிறுத்தியது, அம்மா தலைக்குச் சீயக்காய் போட்ட பிறகு நிறுத்தியது, கேட்டதற்கு கரண்ட் பில்லை நீட்டியது. என் வாய் எங்கிருந்து வந்தது என்பது அன்று அந்த பஸ்ஸுக்கே தெரிந்தது. கொத்தமல்லிக்காரப் பாட்டி, "அப்பறம் தண்ணி வுட்டாளா இல்லியா?" என்று கேட்டார்.

மாமா கம்பியை விடாமல், "நீ எதுக்குக்கா வந்த?" என்றார்.

"பொண்ணு பாக்க."

அவருக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. புரிந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார். சிரிப்பால் இருமல் வந்தது; இருமி முடித்து மறுபடி சிரித்தார். டிராக்டர் நகர்ந்ததை யாரும் கவனிக்கவில்லை. பேரிகையில் டிரைவர் இன்ஜினை நிறுத்தி இறங்கிப் போன பிறகும், மாமா சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். பயம் ஏறி, நின்று, இறங்கியிருந்தது. சந்தையில் எங்கள் மூவருக்கும் சூடான மிளகாய் பஜ்ஜி கிடைத்தது. ரோஜாப் பண்ணை அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள் என்று கண்டக்டரிடம் விசாரித்துத் தெரிந்துகொண்ட அம்மா, அதைக் கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் சொன்னாள்.

திங்கட்கிழமை மாமா நீலச் சீருடையில் கம்பெனி பஸ் படியில் ஏறினார். மாத்திரை சட்டைப் பையில் இருந்தது. அதை இப்போது அம்மாதான் எடுத்து வைத்தாள். பஸ் திருப்பத்தில் மறையும்வரை நின்று பார்த்தவள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் விசும்பி விசும்பி அழுதேன். விளையாட்டு முடிந்துவிட்டதே என்ற துக்கம் எனக்கு. அம்மாவும் பேரிகை வரை வந்தவள்தானே, அவளுக்கும் அதே துக்கம்தான் என்று நினைத்தேன்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அழாதம்மா, மாமாவுக்கு மறுபடியும் நெஞ்சு அடைச்சா லீவு கெடைக்கும், எல்லாரும் பஸ்ஸுல போலாம்" என்றேன்.

அம்மா சட்டென்று என் வாயில் ஓர் அடி வைத்தாள். பிறகு அங்கேயே தெருவில் என்னை இழுத்து அணைத்துக்கொண்டு சிரித்தாள். வீடுவரை அழுதுகொண்டே போனேன். நான் அவளுக்கு ஆறுதல்தான் சொல்லியிருந்தேன்.