பஞ்சநாமாவுக்கு முன் ஒரு துடைப்பம்

புயல் வந்தது. அதுவும் டிசம்பரில். அதுவும் மும்பையில்!

இந்த ஊரில் டிசம்பர் என்றால் என்ன? தெர்மாமீட்டர் இருபதுக்குக் கீழே இறங்கியதும் செம்பூர் முழுக்க மங்கி கேப் மாட்டிக்கொண்டு வாக்கிங் போகும். பீரோவிலிருந்து ஸ்வெட்டரை எடுத்து, அந்துருண்டை வாசனையோடு நான்கு நாள் போட்டுக்கொண்டு, ஐந்தாம் நாள் மறுபடி உள்ளே வைத்துவிடுவோம். அவ்வளவுதான் எங்கள் குளிர்காலம். நனைவதற்கென்று நான்கு மாதம் தனியாக ஒதுக்கி வைத்திருக்கிறோம். அதில் டிசம்பர் கிடையாது.

ஆனால் போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அது வந்தது. இரண்டு மணி நேரக் காற்று, மழை. செம்பூர் திலக் நகரில் எங்கள் கட்டடத்துக்கு ஏற்பட்ட மொத்தச் சேதத்தைச் சொல்கிறேன் — ஒரு டிஷ் ஆன்டெனா, செகரட்டரியின் ஸ்கூட்டர் மேல் முறிந்து விழுந்த ஒரு மரக்கிளை, பால்கனியில் நான் காயப் போட்டிருந்த ஸ்வெட்டர். அது பறந்து போய்க் கீழ்வீட்டு ஏ.சி. பெட்டியில் உட்கார்ந்துகொண்டது. இதற்கே நான் என் பத்தி வாசகர்களின் வாட்ஸ்ஆப் குழுவில் 'பேரிடர்' என்று தலைப்புக் கொடுத்து ஆறு மெசேஜ் போட்டேன்.

ஆறாவது மெசேஜை அனுப்பும்போது என் மனைவி லலிதாவின் போன் அடித்தது. ஜைத்தூன்.

ஜைத்தூனைப் பற்றி இந்தப் பத்தியில் எழுதியதில்லை. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கணவர் இறந்த பிறகு, தாராவியில் கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை என்றிருக்கிற வீட்டில் மகள் ரிஸ்வானாவோடு இருக்கிறார். மேல் அறையில் இரண்டு தையல் மெஷின்கள். ஸ்கூல் பை தைப்பதுதான் தொழில். இருபது வருடமாக லலிதாவின் பிளவுஸும் அங்கேதான். ரிஸ்வானா சயானில் கல்லூரி முதல் வருடம் படிக்கிறாள்.

"மாமி, மேல ஷீட்டு பூரா போயிட்டு. மெஷினுக்கு மேல ஒண்ணுமே இல்ல, வானந்தான் தெரியுது..." என்று ஜைத்தூன் சொன்னது எனக்கே கேட்டது.

மறுநாள் காலை லலிதா என்னிடம் ஒரு பிளாஸ்க்கையும் நான்கு பழைய பெட்ஷீட்டையும் கொடுத்தாள். "போய்ப் பாத்துட்டு, இதைக் குடுத்துட்டு வந்துடுங்கோ. அங்க ஒண்ணும் பண்ண வேண்டாம், கேட்டேளா?"

கேட்டேன். கேட்டு என்ன பிரயோஜனம்?

சயானில் இறங்கி நடந்தேன். சந்துக்குள் நுழைந்தால்... நான் எதிர்பார்த்துப் போன அழுகையும் புலம்பலும் எங்கேயும் இல்லை. எல்லாரும் வேலையில் இருந்தார்கள். ஒருவர் பக்கெட்டால் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் நனைந்த தோலைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். முனையில் மாநகராட்சியின் பம்ப் வண்டி தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருந்தது. முனிசிபல் ஸ்கூலைத் திறந்துவிட்டு, வீடு போனவர்களை அங்கே தங்கவைத்துக் கிச்சடி போட்டுக்கொண்டிருந்தார்கள். மாநகராட்சியை இந்தப் பத்தியில் எத்தனை முறை திட்டியிருப்பேன்? குழிக்கு ஒரு தடவை, குப்பைக்கு ஒரு தடவை. அன்றைக்குத் திட்ட ஒன்றும் கிடைக்கவில்லை. கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

ஜைத்தூனின் மேல் அறையில் சிமென்ட் ஷீட் உடைந்து துண்டு துண்டாகக் கிடந்தது. வளைந்த இரும்புக் குழாய், ஊறிப்போன பைத் துணி, நடுவில் பாலித்தீனால் மூடிய இரண்டு மெஷின்கள். எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது, உண்மையாகவே. ஆனாலும் ஒரு கை செல்போனை எடுத்தது. ஒரு செல்பி. 'களத்தில் நான்' என்று குழுவில் போட்டேன்.

அப்போது ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று சந்து முனையில் வந்து நின்றது. மராத்தியிலும் இந்தியிலும் அறிவிப்பு. நாளைக்கு வார்டு ஆபீசிலிருந்து அதிகாரிகள் பஞ்சநாமா எடுக்க வருகிறார்கள். அதாவது, சேதத்தை நேரில் பார்த்துச் சாட்சிகளோடு எழுதிக்கொள்வார்கள். அந்தப் பட்டியலில் பேர் இருக்கிற வீட்டுக்குப் புது ஷீட்டும் குழாயும் மாநகராட்சியே கொடுக்கும். சனிக்கிழமையோடு பட்டியல் முடிகிறது. திங்கட்கிழமை மறுபடி மழை இருக்கிறது, ஜாக்கிரதை.

இதை அப்படியே தமிழில் சந்துக்காரர்களுக்கு விளக்கினேன். எல்லாரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். நாற்பது வருடமாக இந்தியில் வியாபாரம் செய்கிறவர்கள். என்னைவிட நன்றாகவே அவர்களுக்குப் புரிந்திருந்தது என்பது பிற்பாடுதான் உறைத்தது.

ஊறிய துணியைச் சயானில் சொந்தக்காரர் வீட்டு மொட்டை மாடியில் உலர்த்தப் போனார்கள் ஜைத்தூனும் மகளும். "சார், செத்த நேரம் வீட்டப் பாத்துக்கிடுங்க. வந்துருதோம்" என்றார்.

பார்த்துக்கொள்ளச் சொன்னார். பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம், இல்லையா?

இங்கே என் பூர்வீகத்தைச் சொல்லியாக வேண்டும். நான் முப்பது வருடம் ஒரு கம்பெனியில் அட்மின் செக்‌ஷனில் குப்பை கொட்டியவன். அட்மின்காரனுக்கு ஒரே ஒரு வேதம்தான் — இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆள் வருகிறார் என்றால், அதற்கு முந்தின நாள் சுத்தம் செய். உடைந்த நாற்காலியை மறை. பைலை அடுக்கு. பூந்தொட்டி வை. வருகிறவர் எதைப் பார்க்க வருகிறார் என்று நாங்கள் கேட்டதே கிடையாது. 'அதிகாரி வருகிறார்' என்று ஒலிபெருக்கி சொன்ன உடனேயே என் கை துடைப்பத்தைத் தேட ஆரம்பித்துவிட்டது.

எதிர்வீட்டு முத்துப்பாண்டி, பெல்ட் பட்டறை வைத்திருப்பவர், எட்டிப் பார்த்தார். "சார், என்ன செய்தீய? அதக் கெடக்க விடுங்க. நாளைக்கு வாரவுக பாக்கணும்லா?"

"முப்பது வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் பாத்தவன் நான். எனக்குத் தெரியும்" என்றேன்.

அவர் பட்டறைக்குள் திரும்பிப் போய்விட்டார். நல்ல மனிதர்.

கைவண்டிக்காரர் ஒருவரைக் கூப்பிட்டு, உடைந்த ஷீட், வளைந்த குழாய் எல்லாவற்றையும் ஏற்றி அனுப்பினேன். கடையில் நீல நிறத் தார்ப்பாய் வாங்கி, மேலே இழுத்துக் கட்டவைத்தேன். தரையைக் கழுவினேன். அறுபத்திரண்டு வயசில் இடுப்பு ஒடிய! மெஷின்களைத் துடைத்து வரிசையாக நிறுத்தினேன். சுவரில் கோணலாகத் தொங்கிய காலண்டரைக்கூட நேராக்கினேன். துடைப்பத்தோடு இன்னொரு செல்பி. குழுவில் இருபத்தேழு கும்பிடு வந்தது.

சாயங்காலம் ஜைத்தூன் ஏணியில் ஏறி வந்து, தலையை மட்டும் உள்ளே நீட்டிப் பார்த்தார்.

"சார்... உடஞ்சதெல்லாம் எங்க?"

"எல்லாத்தையும் அனுப்பியாச்சு" என்றேன், பெருமையாக.

"நல்லாத்தான் இருக்கு சார். பெருநாளைக்குக்கூட நான் இப்படித் தொடச்சதில்ல." மேலே தார்ப்பாயைப் பார்த்தார். "ஆனா நாளைக்கு அவுக வந்து எதைப் பாப்பாக?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பின்னால் நின்ற ரிஸ்வானா நெற்றியில் அடித்துக்கொண்டாள். நான் மறுபடி வண்டிக்காரரைத் தேடி ஓடினேன். அவர் எல்லாவற்றையும் பெரிய குப்பை மேட்டில் கொட்டியிருந்தார். அங்கே அரை தாராவியின் கூரையும் துண்டு துண்டாகக் கிடந்தது. அதில் ஜைத்தூனின் கூரை எது? ஒரு துண்டைப் பார்த்தால் இன்னொரு துண்டைப் போலவே இருக்கிறது.

வியாழக்கிழமை அதிகாரி வந்தார். சாவந்த் மேடம் என்றார்கள். முப்பத்தைந்து வயசிருக்கும், காலில் கம்பூட்ஸ், கையில் ரெஜிஸ்டர். காலையிலிருந்து ஏறி இறங்கிய ஏணிகளின் களைப்பு முகத்தில் தெரிந்தது. மேலே வந்தார். நீலத் தார்ப்பாயைப் பார்த்தார். மெஷின்களைப் பார்த்தார். காலண்டரையும் பார்த்தார்.

"இந்தச் சந்திலேயே இதுதான் நல்ல வீடு" என்று இந்தியில் பாராட்டிவிட்டு, ரெஜிஸ்டரில் 'சேதம் இல்லை' என்று எழுதினார்.

நான் என் தமிழ் வாடை வீசும் மாட்டுங்கா இந்தியில் குறுக்கே பாய்ந்தேன். கூரை இருந்தது, போய்விட்டது, நான்தான் அனுப்பினேன் என்று விளக்கினேன். என் இந்தியில் விளக்கினால் எதுவும் பொய் மாதிரிதான் இருக்கும். மேடம் தலையாட்டிக்கொண்டே இறங்கிவிட்டார். அடுத்த வீடு காத்திருக்கிறதே!

ஜைத்தூன் மெஷினைப் பாலித்தீனால் மறுபடி மூடினார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திங்கட்கிழமை மழை பெய்தால் அந்தத் தார்ப்பாய் எத்தனை நேரம் தாங்கும்? மெஷின் துருப்பிடித்தால் அந்த வீட்டில் அடுப்பு எரிவது எப்படி? அன்று வீட்டுக்கு வந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. லலிதா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஒண்ணும் பண்ண வேண்டாம்னுதானே சொன்னேன்" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். ஒரு தடவையே போதுமானதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை வார்டு ஆபீசில் உதவி மையத்தில் நின்றேன். வாசலில் பந்தல், நான்கு மேஜை. என் கையில் நான்கு பக்க ஆங்கில மனு. பொருள், பார்வை, இணைப்பு எல்லாம் முறைப்படி உண்டு. பார்வைக்கு என்ன போடுவது? 'ஆட்டோ ஒலிபெருக்கி அறிவிப்பு' என்று போட்டிருந்தேன். மேஜைக்கு அந்தப் பக்கம் அதே சாவந்த் மேடம்.

மனுவைப் புரட்டினார். "போட்டோ இருக்கா?"

இருந்ததே! புதன்கிழமை எடுத்த முதல் செல்பி. சுத்தம் செய்வதற்கு முன்னால் எடுத்தது. வெற்றிச் சிரிப்போடு போனை நீட்டினேன். அவர் பெரிதாக்கிப் பார்த்தார். இடது பக்கம் நகர்த்தினார். வலது பக்கம் நகர்த்தினார்.

"இது நீங்க. கர் கிதர் ஹை?"

வீடு எங்கே? எட்டிப் பார்த்தேன். படம் முழுக்க என் முகம். கவலை தோய்ந்த பார்வை, பொருத்தமான கோணம். என் காதுக்குப் பின்னால் ஒரு சாம்பல் நிறத் துணுக்கு. அது ஷீட்டா, என் நரைமுடியா என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. வரிசையில் பின்னால் நின்றவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொருவர் போனிலும் அவரவர் உடைந்த வீடு தெளிவாக இருந்தது. நான் ஒருவன்தான் பேரிடருக்குப் போய் என்னை மட்டும் படம் எடுத்துக்கொண்டு வந்தவன்.

வெட்கமாக இருந்தது. வழக்கமாக இந்தப் பத்தியில் படுகிற எழுத்து வெட்கம் இல்லை, காது சுடுகிற அசல் வெட்கம்.

மேடம் மனுவை மடித்து என்னிடமே கொடுத்தார். "இது வேண்டாம். பார்த்தவங்க அஞ்சு பேர் கையெழுத்துப் போடட்டும். உடைஞ்சதை எடுத்தது யாருன்னு எழுதி, எடுத்தவரும் கையெழுத்துப் போடணும். நாலு வரி போதும். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள கொண்டுவந்தா நான் மறுபடி வரேன்."

தாராவிக்கு ஓடினேன். ரிஸ்வானா மராத்தியில் எழுதினாள். சாட்சிக்கு முதலில் வந்தவர் யார் தெரியுமா? முத்துப்பாண்டி. 'அன்றைக்கே சொன்னேனே' என்ற ஒரு பார்வைகூட இல்லை. கையில் ஒட்டியிருந்த பசையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். பாதிக் கூரையோடு தவித்துக்கொண்டிருந்த இன்னொருவர் தன் வேலையை நிறுத்திவிட்டு வந்தார். ஐந்து பேர் கேட்டால் பதினொரு பேர் நின்றார்கள். கடைசியில் நான் — 'மேற்படி சேதத்தை என் கையாலேயே அப்புறப்படுத்தினேன், யாரும் கேட்டுக்கொள்ளவில்லை' என்று ஒப்புக்கொண்டு கையெழுத்து. கடைசி இரண்டு வார்த்தை ரிஸ்வானா சேர்த்தது. உண்மைதானே, என்ன சொல்ல முடியும்?

சனிக்கிழமை காலை அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மதியம் சாவந்த் மேடம் சொன்னபடி வந்தார். தார்ப்பாயைத் தூக்கி, சுவரில் பிய்ந்து நின்ற பழைய போல்ட்டுகளைத் தொட்டுப் பார்த்தார். சாட்சிகளை விசாரித்தார். என்னைப் பார்த்ததும், "நீங்க எதையும் தொடலியே?" என்று கேட்டார். இரண்டு கையையும் தூக்கிக் காண்பித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை டெம்போவில் ஷீட் வந்தது. சாயங்காலத்துக்குள் சந்துக்காரர்களே பொருத்திவிட்டார்கள். நான் கீழே உட்கார்ந்து டீ குடித்தேன். அப்படித்தான் உத்தரவு.

திங்கட்கிழமை மழை கொட்டியது. ஜைத்தூன் போன் செய்தார். "மாமி, ஒரு பொட்டுத் தண்ணி உள்ள வரல! சத்தம் கேக்குதா, மெஷின் ஓடுது" என்று போனை மெஷின் பக்கம் பிடித்தார். லலிதா ஸ்பீக்கரில் போட்டாள். மழைச் சத்தமும் மெஷின் சத்தமும் சேர்ந்து கேட்டன. என் கண் கலங்கியதை மறைக்க ஜன்னல் பக்கம் போனேன்.

யோசித்துப் பார்த்தால், பம்ப் வந்தது, கிச்சடி வந்தது, அதிகாரி இரண்டு தடவை ஏணி ஏறினார், அக்கம்பக்கம் கையெழுத்துப் போட்டது. இத்தனையும் ஒழுங்காக நடந்த இடத்தில், நடுவில் சிக்கிக்கொண்ட ஒரே ஒரு பொருள் தொண்டு செய்யப் போன ஓர் எழுத்தாளர். உதவி செய்யக் கிளம்புகிறவர்கள் முதலில் 'என்ன வேண்டும்?' என்று கேட்டுவிட்டால் நாட்டில் பாதித் துயரம் குறையும்.

போன வாரம் ஜைத்தூனும் ரிஸ்வானாவும் லலிதாவின் பிளவுஸைக் கொடுக்க வந்தார்கள். பஞ்சநாமாவின் நகலும் கையில் இருந்தது. "அங்கிள், இதுல உங்க நேம் வந்திருக்கு!" என்றாள் ரிஸ்வானா. அரசாங்கப் பத்திரத்தில் என் பேரா? கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, எங்கே என்று ஆசையாகக் கேட்டேன். விரலை வைத்துக் காட்டினாள். சேதத்துக்கான காரணங்கள் என்ற கட்டத்தில் இரண்டு வரி இருந்தது.

முதல் வரியில் புயல். இரண்டாவது வரியில் நான்.